தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி

(மெக்கானிக்கல் பிரிவு, 2005–2009 அணி மாணவர் ஒருவர்)

மலர்க்குழுவில் இருக்கும் நண்பர் போன் செய்து, "நம்ம பேட்ச் சார்பா ஒரு கட்டுரை வேணும். ஆனா ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் எழுதிராத. அதை ஏற்கனவே நாலு பேர் எழுதிட்டாங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். சாம்பாரை விட்டால் எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது நாய்க்கடி.

சிரிக்காதீர்கள். வெளியூரில் போய் "சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம்" என்று சொன்ன நம்மில் எத்தனை பேரை "அட, நாய்க்குப் பேர் போன ஊரா!" என்று கேட்காமல் விட்டிருக்கிறார்கள்? 2005-ல், நான் முதலாண்டு சேர்ந்த அதே வருஷம், இந்திய நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் நம்ம ஊர் வெள்ளை நாயும் இடம் பிடித்தது. ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் நாய்கள் அந்த வம்சம் இல்லை. பேர் இல்லாத தெரு நாய்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையை அவை கடித்திருக்கின்றன. அந்த இரண்டு கடிகளுக்கும் நடுவில் மருத்துவ விஞ்ஞானம் எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்பத்தா சொல்லாத கதை

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். என் அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார். நான் பார்த்ததில்லை. 1979-ல், பதினோரு வயதில் இறந்து போனார். தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது ஒரு நாய் பாய்ந்து கன்னத்தைக் கடித்துவிட்டது. அந்தக் காலத்து வழக்கப்படி காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வைத்தார்கள். மறுநாள்தான் ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார்கள். வயிறு வீங்கி, சட்டை பட்டாலே வலிக்குமாம். ஆறாவது ஊசியோடு, "இனி வரமாட்டேன்" என்று என் அப்பத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அப்பத்தா மனம் இளகி, "சரி, விடுங்க" என்றுவிட்டார். இருபத்து நாலாம் நாள் தண்ணீர்ச் செம்பைப் பார்த்துப் பிள்ளை நடுங்கியது. அதற்குப் பிறகு இரண்டே நாள்.

இதெல்லாம் என் அப்பா சொன்னது. அப்பத்தா ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வீட்டில் 'ஊசி' என்ற சொல்லையே யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். காரணம், அப்பத்தா மனதில் ஒரே கணக்குதான். பாக்கி எட்டு ஊசி. அதை நான்தானே நிறுத்தினேன்?

2021: மறுபடியும் ஒரு கன்னம்

நான் இப்போது ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். 2021 ஜூன். கொரோனா ஊரடங்கு. பஸ் கிடையாது. எங்கள் வாசலில் நின்ற ஒரு குட்டியைத் தடவிக் கொடுக்கப் போன என் ஆறு வயது மகளை அது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே கடித்துவிட்டது. சத்தம் கேட்டு வெளியே வந்த அப்பத்தா, பாப்பாவின் முகத்தைப் பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

குழாயடியில் பிடித்து சோப்புப் போட்டுக் கழுவினேன். பைக்கில் முன்னால் பாப்பா, பின்னால் மனைவி. அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா காயத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கால் மணி நேரம் கழுவச் சொன்னார். பிறகு இரண்டு விதமான ஊசி. ஒன்று, காயத்துக்குள்ளேயும் சுற்றியும். இன்னொன்று, இரண்டு கைகளிலும் தோலுக்குள் ஒரு சொட்டு அளவு. "0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரணும். நாலு தடவைதான். வயித்துல ஊசி எல்லாம் இப்ப கிடையாது" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். "மேடம், எதுக்கு ரெண்டு?" வரிசையில் அத்தனை கூட்டம் இருந்தும் அவர் சலிக்காமல் சொன்ன பதிலை மறக்க முடியாது. "சார், காயத்துல போட்டது ரெடிமேட் சட்டை. உடனே போட்டுக்கலாம், ஆனா சீக்கிரம் கிழிஞ்சிடும். கையில போட்டது டெய்லர்கிட்ட அளவு கொடுக்கிற மாதிரி. தைச்சு வர பத்து நாள் ஆகும். ஆனா உங்க அளவு அவர் நோட்டுல எப்பவும் இருக்கும்."

மெஷின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இப்படி ஒருத்தர் விளக்கிவிட்டால் அப்புறம் தூக்கம் வருமா? அந்த டெய்லர் யார்? நோட்டு எங்கே இருக்கிறது? பத்து நாள் ஏன் ஆகிறது? சித்தப்பாவுக்கு அந்த ரெடிமேட் சட்டை ஏன் கிடைக்கவில்லை?

பத்தாம் வகுப்போடு விட்ட பயாலஜி

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவன் நான். தவளைப் படத்தோடு பயாலஜிக்கு விடை கொடுத்தாயிற்று. ஆனாலும் துணிந்து என்.பி.டி.இ.எல். பாடத்தில் சேர்ந்தேன். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-ல் சேர்ந்து தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் இது. நாம் படித்த காலத்தில் லைப்ரரியில் அதன் வீடியோக்களைக் காப்பி செய்ய பென்டிரைவோடு அலைந்தது ஞாபகம் இருக்கும். அதில் நோயெதிர்ப்பியல் பாடமும் உண்டு. கூடவே அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருந்த அடிப்படைப் பாடத்தையும் பார்த்தேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் ஏறவில்லை. மேக்ரோஃபேஜ், லிம்போசைட், காம்ப்ளிமென்ட், சைட்டோகைன் என்று பேர் மேலே பேர். முதல் அசைன்மென்டில் பத்துக்கு மூன்று. அப்போதுதான் ஒரு வழி தோன்றியது. ஒவ்வொரு சொல்லையும் யார், எந்த வருஷம், எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று நோட்டில் வரிசையாக எழுத ஆரம்பித்தேன். மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் அதோடு ஒரு கதையாக மாறிவிட்டது.

கதை மாட்டிலிருந்து தொடங்குகிறது. 1796-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர், மாட்டம்மை வந்த பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை ஒரு எட்டு வயதுச் சிறுவனுக்குப் போட்டார். அவனைப் பெரியம்மை அண்டவில்லை. 1802-லேயே அந்த அம்மைப்பால் பம்பாய் வந்து, ஆன்னா டஸ்டால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குப் போடப்பட்டது. லத்தீனில் 'வாக்கா' என்றால் பசு. அதிலிருந்து வந்ததுதான் 'வாக்சின்'. பால்கோவா ஊர்க்காரனுக்கு இந்த ஒரு வரி போதாதா, பாடத்தின் மேல் பிரியம் வர!

1882-ல் இத்தாலியின் மெசினா நகரில், வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரம், மெக்னிகாஃப் என்ற ரஷ்யர் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அந்நியப் பொருளை விழுங்கும் காவல்கார செல்கள் அவை. 1890-ல் ஜெர்மனியில் பெரிங்கும் ஜப்பானிய கிடசாட்டோவும் வேறொன்றைக் காட்டினார்கள். நோயைத் தாங்கிய பிராணியின் ரத்தத்திலிருந்து செல்களை நீக்கிவிட்டு வெறும் தெளிநீரை மட்டும் ஏற்றினாலும் இன்னொரு பிராணி பிழைக்கிறது. இதுதான் டாக்டரம்மா சொன்ன ரெடிமேட் சட்டை. அந்த நீரில் இருந்த பொருளுக்குப் பிற்பாடு வந்த பேர் ஆன்டிபாடி.

காப்பது செல்லா, நீரா என்று இரண்டு கட்சிகள் சண்டை போட்டன. 1908 நோபல் பரிசை மெக்னிகாஃபுக்கும் எதிர்க்கட்சி எர்லிக்குக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். கடைசியில் இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

டெய்லர் யார் என்பதற்குப் பதில் கிடைக்க இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. கோடிக்கணக்கான செல்கள் நம் உடம்பில் முன்கூட்டியே இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் அடையாளம் காணும், பொருத்தமான கிருமி வந்ததும் அந்த ஒன்று மட்டும் பெருகும் என்று 1957-ல் ஆஸ்திரேலியாவின் பர்னெட் சொன்னார். அதில்தான் பத்து நாள் ஏன் என்பதற்கும் விடை இருக்கிறது. ஒற்றை செல் பல்கிப் பெருகி ஒரு படையாவதற்கு நேரம் வேண்டாமா? வேலை முடிந்த பிறகும் சில செல்கள் வருஷக்கணக்கில் தங்கிவிடுகின்றன. அதுதான் டெய்லரின் நோட்டு. கோழியில் இந்த செல்கள் வளரும் 'பர்சா' என்ற உறுப்பின் முதல் எழுத்துதான் பி செல். தைமஸ் சுரப்பியில் பக்குவப்படுவது டி செல்.

அத்தனை கோடி வடிவங்களுக்கும் தனித்தனி ஜீன் எங்கிருந்து வரும்? கொஞ்சம் துண்டுகளையே மாற்றி மாற்றிக் கோத்து எண்ணற்ற வடிவங்களை உடம்பு உண்டாக்குகிறது என்று 1976-ல் டோனெகாவா காட்டினார். தறி பார்த்த நம்ம ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். நூல் அதே நூல்தான். ஜக்கார்ட் அட்டையின் வரிசையை மாற்றினால் பூ மாறுகிறது!

பாரிஸ், கசௌலி, குன்னூர்

பாடத்தில் ரேபிஸ் வந்த வாரம் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தேன்.

1885 ஜூலை 6. வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்டரை அவன் அம்மா பாரிசில் பாஸ்டரிடம் அழைத்து வந்தார். நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்ந்த காற்றில் தொங்கவிட்டால் நாளாக ஆக அதன் வீரியம் குறைவதைப் பாஸ்டர் கண்டிருந்தார். நன்றாக உலர்ந்ததில் ஆரம்பித்து, நாளுக்கு நாள் வீரியம் கூட்டி 13 ஊசிகள். நாம் லோடு டெஸ்ட்டில் எடையைப் படிப்படியாக ஏற்றுவது போல. பையன் பிழைத்தான்.

கடித்த பிறகு தடுப்பூசி போட்டு எப்படிக் காப்பாற்ற முடியும்? இது ஒரு பந்தயம். ரேபிஸ் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. நரம்பைப் பிடித்து மூளையை நோக்கி மெதுவாக ஊர்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். அதற்குள் ஆன்டிபாடி தயாராகிவிட்டால் நாம் ஜெயித்தோம். மூளையை அது எட்டி அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக நூற்றுக்கு நூறு மரணம். கடி முகத்திலோ தலையிலோ இருந்தால் பாதை குறுகியது, நேரமும் குறைவு.

இந்தியாவில் முதல் பாஸ்டர் நிலையம் 1900-ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் திறந்தது. தெற்கே இருப்பவர்களுக்கு அது எட்டாத தூரம். 1902-ல் லில்லி பாகென்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி வெறிநாய்க்கடியால் இறந்தது பலரையும் உலுக்கியது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் கர்சன் பிரபுவிடம் கொடுத்திருந்த நன்கொடையில் ஒரு பகுதியும் சேர, 1907 ஏப்ரலில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் செயல்படத் தொடங்கியது. ஊட்டி டூர் போகும்போது சிம்ஸ் பார்க்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோமே, அதன் பக்கத்தில் இருக்கும் கட்டிடம்தான்.

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள், ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து ஒரு தடுப்பூசி தயாரித்தார். இதன் பெரிய நன்மை, நோயாளி மலையேற வேண்டாம், மருந்தே ஊர் தேடி வரும். பல லட்சம் பேரைக் காப்பாற்றிய ஊசி அது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். வயிற்றுத் தோல் தளர்வானது, அதிக அளவு மருந்தைத் தாங்கும் என்பதால் அந்த இடம்.

ஆனால் ஒரு சிக்கல். ஊசியில் கிருமியோடு ஆட்டு மூளைத் திசுவும் உள்ளே போகிறது. சிலருக்கு உடம்பு அதையும் பகையாக எண்ணித் தன் சொந்த நரம்பையே தாக்க, பக்கவாதம் வந்தது. இது ஏன் என்று தேடிய நியூயார்க்கின் தாமஸ் ரிவர்ஸ் 1933-ல் குரங்குகளுக்கு மூளைத் திசுவை மட்டும் திரும்பத் திரும்ப ஏற்றி அதே நோயை வரவழைத்தார். உடம்பு தன்னையே தாக்கும் 'ஆட்டோ இம்யூன்' நோய்களை ஆராய இன்று உலகம் முழுக்கப் பயன்படும் முறை அதிலிருந்து வந்தது.

கணக்கில் ஆர்வமுள்ள தம்பிகளுக்கு ஒரு செய்தி. கொரோனா காலத்தில் டி.வி.யில் தொற்று வளைகோடு காட்டினார்களே, அதன் அடிப்படைச் சமன்பாடுகளை 1927-ல் எழுதிய இருவரில் ஒருவர் மெக்கென்ட்ரிக். கசௌலி பாஸ்டர் நிலையத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர் அவர். நாம் மூன்றாம் செமஸ்டரில் எதற்கு என்றே தெரியாமல் போட்டுத் தள்ளிய டிஃபரன்ஷியல் ஈக்வேஷனுக்கு இப்படி ஒரு பூர்வீகம்!

ஆட்டு மூளை ஊசி இந்தியாவில் 2004 டிசம்பரோடு நின்றது. இப்போது கிருமியை ஆய்வகச் செல்களில் வளர்த்து, செயலிழக்கச் செய்து, சுத்திகரித்துத் தருகிறார்கள். 2006-ல் அதையே தோலுக்குள் போடும் முறைக்கு அனுமதி கிடைத்தது. ஒரு கைக்கு 0.1 மில்லிலிட்டர் போதும். கிருமியைப் பிடித்துக் காட்டிக் கொடுக்கும் செல்கள் தோலில்தான் நிறைய. அதனால் குறைந்த மருந்தில் நிறையப் பேருக்குப் போடலாம்.

இரானில் ஒரு ஓநாய்

இனி நான் தேடியதற்கு வருகிறேன். 1954-ல் இரானில் ஒரு வெறிபிடித்த ஓநாய் ஒரே இரவில் 29 பேரைக் கடித்தது. அவர்களில் 18 பேருக்குத் தலையில் காயம். தடுப்பூசியோடு, ஆன்டிபாடி உள்ள சீரமும் 13 பேருக்குக் கொடுத்தார்கள். அதில் இறந்தது ஒருவர். தடுப்பூசி மட்டும் போட்டது 5 பேருக்கு. அதில் இறந்தது மூவர்.

அந்த வரியை மூன்று முறை படித்தேன். தலையில் கடி, முழுத் தடுப்பூசி, சீரம் இல்லை, ஐந்துக்கு மூன்று மரணம். அப்படியானால் சித்தப்பா பதினாலையும் போட்டிருந்தாலும்...

அப்பத்தாவுக்கு அப்போது எண்பத்தாறு வயது. மறுநாள் சாயங்காலம் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, ஓநாய்க் கதையைச் சொன்னேன். பாக்கி எட்டு ஊசியையும் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நிச்சயமில்லை, கன்னத்தில் கடி, நேரம் போதவில்லை, காயத்தில் போட வேண்டிய இன்னொரு ஊசியும் அன்றைக்குப் போடப்படவில்லை என்றேன். பிழைத்தே இருக்க மாட்டார் என்றும் நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்.

நெடுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏய்யா, அந்த இன்னொரு ஊசிய நம்ம பாப்பாவுக்குப் போட்டாகளா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு அப்பத்தா. முதல் நாளே."

"ம். அவனும் ஆறு ஊசி பொறுத்துக்கிட்டானே. சின்னப் பிள்ளை." நாற்பத்திரண்டு வருஷத்தில் அவர் சித்தப்பாவைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு இரவு அவர் பேர் என்ன பிடிக்கும், என்ன சேட்டை செய்வார் என்று எல்லாம் சொன்னார்.

இன்றைய மருந்துகள்

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஆன்டிபாடி செய்யும் செல்லையும் சாகாமல் பெருகும் புற்றுநோய் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். ஒரே அச்சில் வார்த்த ஆன்டிபாடி வேண்டிய மட்டும் கிடைத்தது. அதுதான் 'மோனோகுளோனல்'. குதிரை ரத்தமோ மனித ரத்தமோ தேவையில்லாத இப்படிப்பட்ட ரேபிஸ் ஆன்டிபாடி மருந்தைப் புனேயின் சீரம் நிறுவனம் 2017-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. கான்சர், மூட்டு வாதம் என்று பலவற்றுக்கும் இந்த வகை மருந்துகள் உண்டு.

டி செல்லுக்கு உள்ள பிரேக்கைத் தளர்த்திவிட்டுக் கான்சரைத் தாக்க வைத்ததற்கு 2018 நோபல். நோயாளியின் டி செல்லையே வெளியில் எடுத்து, புதிய ஜீன் பொருத்தித் திருப்பி ஏற்றும் 'கார்-டி' சிகிச்சை, பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உழைத்ததில், 2023 அக்டோபரில் இந்தியத் தயாரிப்பாகவே அனுமதி பெற்றது. உடம்பு தன்னையே ஏன் தாக்குவதில்லை, யார் அதைத் தடுக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் கண்டவர்களுக்கு 2025 நோபல். செம்பிள் ஊசி கிளப்பிவிட்ட கேள்வியும் அதுதானே!

தம்பி தங்கைகளுக்கு

தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதினேன். என்னைச் சுற்றி எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். ஒரு பெண் "சார், நீங்க இன்விஜிலேட்டரா?" என்று கேட்டே விட்டது. 62 மார்க். நம் கல்லூரியில் வாங்கிய எந்த மார்க்கும் அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. உங்களுக்கு இன்று கைபேசியில் உலகத்துப் பேராசிரியர்கள் எல்லாம் இருக்கிறார்கள். நான் கண்ட வழி இதுதான். வீடியோ ஓடும்போது கையால் நோட்டு எழுதுங்கள். சொல்லை அல்ல, அது பிறந்த கதையைப் பிடியுங்கள். உங்கள் வீட்டுக் கேள்வி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கேள்வி உங்களுடையதாக இருந்தால் பாதியில் எழுந்து போக மாட்டீர்கள்.

கடைசியாக, இந்த மலரைப் படிக்கும் எல்லோருக்கும். உலகில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். கிருமியின் மேலுறை கொழுப்பு, சோப்பு அதைக் கரைத்துவிடும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு வேண்டாம். நம்ம சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ போகிறது, ஆனால் நாய்க்கடியை மட்டும் இறுக்கிக் கட்டாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் வந்த காயம் என்றால் "காயத்தில் போடும் ஊசி உண்டா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தவணையை நிறுத்தாதீர்கள்.

என் மகளுக்கு இப்போது பத்து வயது. கன்னத்தில் சின்னத் தழும்பு. போன மாதம் ஒரே அடம், ராஜபாளையம் நாய்க்குட்டி வேண்டுமாம். வீட்டில் எல்லோரும் அப்பத்தாவின் முகத்தைப் பார்த்தோம். தொண்ணூறைத் தொட்ட அப்பத்தா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"வாங்கிக் கொடுய்யா. முதல்ல அதுக்கு ஊசியப் போட்டுட்டு வாங்கிக் கொடு."